செய்தித்தாள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு. வேலை போனவர்களுக்கு வேறு வேலை கிடைக்கிறதா?

கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது. ஆனால் பத்திரிகைக்காரன் என்பதற்காக எவரும் கூப்பிட்டுத் தரவில்லை.

நீங்களும் தென்னாப்பிரிக்காவில்தான் இருக்கிறீர்கள், நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இருபத்தைந்து வயதுக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். இந்நேரம் வேறெங்காவது சேர்ந்திருப்பார்.

முதலில் சட்டம். உங்கள் கையில் இருப்பது தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவுக் கடிதம் என்றால் அது வேலைநீக்க உத்தரவு அன்று, கலந்துபேச அழைப்பு. அதைப் பார்த்த அன்றே மேசையைக் காலி செய்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும். நிறுவனம் வேறு வேலை தர முன்வந்து, தகுந்த காரணமில்லாமல் நீங்கள் மறுத்தால் அந்தத் தொகை போய்விடும்; வீறாப்புக் காட்டுமுன் யோசியுங்கள். நீக்கியது நியாயமில்லை என்றால் 30 நாட்களுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏவில் முறையிட வேண்டும். வேலையில்லாதோர் காப்பீட்டு நிதியான யுஐஎஃப்பில் பணம் கேட்க வெட்கப்படாதீர்கள், மாதந்தோறும் நம் சம்பளத்தில் பிடித்த ஒரு விழுக்காடும் அதில் இருக்கிறது. நான் வெட்கப்பட்டு இரண்டு மாதம் போகாமலிருந்தேன். வரிசையில் தெருக்காரர் யாராவது நின்றுவிட்டால்? நின்றார். அவரும் என்னைப் பார்க்காதது போலத்தான் நின்றார்.

இனி என் கதை. டர்பனில் ஓர் ஆங்கில நாளிதழில் 19 ஆண்டுகள் பிழைதிருத்தி, தலைப்பு வைத்து, பக்கத்தை முடித்து அனுப்பும் மேசையில் இருந்தேன். பக்கங்களையெல்லாம் வேறு ஊரில் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று மேலே முடிவு செய்தார்கள். எங்கள் மேசையில் ஏழு பேர், ஏழு பேரும் வெளியே. "மூத்த உதவி ஆசிரியர்" என்று போட்டு விண்ணப்பங்கள் அனுப்பினேன். எட்டு மாதம் ஒரு பதிலும் இல்லை.

அதற்குள் கோயில் கமிட்டியினர் காவடித் திருவிழாச் சிறப்பு மலரைப் பிழைதிருத்தும் வேலையை என் தலையில் கட்டினார்கள். "வீட்டில் சும்மாத்தானே இருக்கிறீர்கள் அண்ணா" என்றார் செயலாளர். 64 பக்கம், காசு கிடையாது. நன்றிப் பட்டியலில் பாத்திரம் கொடுத்தவர் வரை எல்லோர் பெயரும் இருந்தது, என் பெயர் இல்லை. பிழைதிருத்தியவன் நானே என்பதால் நானே சேர்த்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆனால் மலரை அச்சிட்ட, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி அச்சகக்காரர் என் திருத்தப் படிகளைப் பார்த்துவிட்டு, தன் மச்சான் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையில் இப்படி ஓர் ஆள் தேடுகிறார்கள் என்றார்.

நேர்முகத்தில் கேள்வியே கேட்கவில்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, அந்தத் தாள் இரண்டைக் கொடுத்தார்கள். ஒன்று ஒப்புதல் பெற்ற மூலம், மற்றது அச்சுக்குப் போக வேண்டியது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் ஆப்பிரிகான்ஸ். எறும்பு ஊர்வது போல் எழுத்து. அரைமணி நேரம். பழைய பழக்கத்தில் அளவுகோலை வரிக்கு அடியில் வைத்துக் கடைசி வரியிலிருந்து மேலே வந்தேன். பொருளோடு படித்தால் பிழையைக் கண் தானே சரிசெய்துகொண்டு தாண்டிவிடும். எட்டுப் பிழைகள். அவற்றில் ஒன்று, குழந்தைகளுக்கு 2.5 மில்லிலிட்டர் என்பது புள்ளி விழுந்து 25 ஆகியிருந்தது. நேர்முகம் நடத்திய அம்மையார் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இந்தப் புள்ளியை மட்டும்தான் நாங்கள் எடுத்து வைத்தோம்" என்றார். மற்ற ஏழும் அவர்களுக்கே தெரியாதவை.

சம்பளம் முன்பு வாங்கியதில் முக்கால் பங்கு. ஆனால் இரவு வேலை இல்லை.

"உங்களுக்கு ஆள் தெரிந்திருந்தது" என்று எழுதப்போகிறவர்களுக்கு: ஆம், தெரிந்திருந்தது. அச்சகக்காரரின் மச்சான். அதைச் செல்வாக்கு என்று சொன்னால் இந்த ஊரில் செல்வாக்கில்லாதவர் யாருமில்லை. எட்டு மாதம் நான் அனுப்பிய விண்ணப்பங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகள் நலிகின்றன என்று இங்கே மேடையேறுகிறவர்கள், 1903இல் டர்பனில் தொடங்கிய, காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் நான்கு மொழிகளில் வந்த பெருமையைத் தவறாமல் பேசுகிறார்கள். அதன் தமிழ்ப் பகுதி 1906இலேயே நிறுத்தப்பட்டதைச் சொல்வதில்லை. பிறகு மறுபடி வந்தது, தெரியும். காந்தியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அன்று தமிழ் எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்தவர் மறுநாள் எங்கே போனார் என்றுதான் கேட்கிறேன்.

நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று எழுதவில்லையே? பிழைதிருத்துபவர், பக்கம் முடிப்பவர் என்றால் மருந்துத் தொழிற்சாலை, காப்பீட்டு நிறுவனம், தேர்வுத்தாள் அச்சிடும் இடம் என்று தேடுங்கள். நிருபர் என்றால் என் அனுபவம் உதவாது; அதை நிருபராக இருந்தவர் எவரேனும் சொல்லட்டும்.