பேராசிரியர் வேலை முடிந்தபின் நாவலும் முதலுதவியும்

கேள்வி: "என் அப்பா கல்லூரிப் பேராசிரியர். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தியவர் இந்த வயதில் வேறு எதிலாவது இறங்க முடியுமா?"

முடியும். என் கதையையே சொல்கிறேன்.

எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். 31 வருடம் ஆங்கில இலக்கியம் நடத்திவிட்டு 2019 மே மாதம் ஓய்வு பெற்றேன். இப்போது தமிழில் நாவல் எழுதுகிறேன், அப்புறம் எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் யாருக்காவது ஆபத்து என்றால் 108 வந்து சேரும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிற முதலுதவித் தன்னார்வலராகவும் இருக்கிறேன். 108 வண்டியில் வேலைக்குச் சேர வயது வரம்பு உண்டு, எனக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. வண்டி வருவதற்கு முன்னால் இருக்கிற நிமிடங்களுக்கு வயது வரம்பு இல்லை.

இதில் இறங்கக் காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை அது கரையைக் கடந்தது. பொழுது விடிந்து பார்த்தால் தென்னை மரமெல்லாம் ரோட்டில், கரண்ட் கம்பமெல்லாம் வயலில், போனில் டவர் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. நெஞ்சை அழுத்த வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன், ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு ஆழம், எத்தனை தடவை, ஒன்றும் தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை. அந்தக் கால் மணி நேரம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

ஓய்வு பெற்றதும் முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ.க்குக் குறையாமல் 6 செ.மீ.க்கு மேல் போகாமல், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட்டு அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்தில் யாருக்கும் கை தளர்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். அதனால் எங்கள் தெருவில் ஆறு பேருக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். வாத்தியார் வேலை வீண் போகவில்லை.

டெல்டாவில் பெரிய பயம் பாம்பு. கண்ணாடிவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுவிரியன் அப்படியில்லை. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல நேரம் கடித்ததே தெரியாது. போன வருடம் ஐப்பசி மழையில், விடிகாலை நாலரைக்கு ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். மருமகளுக்கு வயிற்று வலியாம். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல சார்" என்று சொல்லிக்கொண்டே மாமியார் கையில் ஓம வாட்டரோடு நின்றார். "மேல பாரும்மா" என்றேன். அந்தப் பெண் பார்க்க முயற்சி செய்தது, இமை பாதிதான் எழுந்தது. எச்சில் விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. ஓம வாட்டரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். 108க்குப் பேசும்போதே கட்டுவிரியனாக இருக்கலாம், மூச்சு தடைபடலாம் என்று சொன்னேன். விஷமுறிவு மருந்தும் ஐந்து நாள் வென்டிலேட்டருமாகப் போராடி, பிழைத்து வந்துவிட்டது. கடிபட்ட தடம் எங்கே என்று கடைசிவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதற்கும் நாவலுக்கும் என்ன சம்பந்தம்? என் முதல் நாவலில் ஒரு அப்பா, பாம்பு கடித்த மகனின் காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி, வாயால் ரத்தத்தை உறிஞ்சித் துப்புவார். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. பயிற்சிக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் அவர் செய்த மூன்றுமே செய்யக் கூடாதவை. 14 பக்கத்தையும் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். இப்போது அந்த அப்பா காலில் ஒரு பலகையை வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டுகிறார், பையனை நடக்க விடவில்லை, தலையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேறு ஒன்றும் செய்வதில்லை. நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல அத்தியாயம் என்று நம்புகிறேன்.

ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமே என்று உங்கள் அப்பா தயங்கினால், 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ பிரிவு உதவி செய்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று சொல்லுங்கள். பெயர் சொல்லச் சொல்லிக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது.

முதலில் ஒரு முதலுதவிப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் நீங்களும் கூடவே உட்காருங்கள். அப்புறம் அவர் மேசை இழுப்பறையில் பாதி எழுதிய நோட்டு ஏதாவது கிடக்கும். என்னிடம் 20 வருடம் கிடந்தது. படிக்கக் கேளுங்கள்.