தொடாமல் விளையாடலாமா?

(மருத்துவமனை வார்டுகளில் குழந்தைகளுக்கான விளையாட்டுகளை வடிவமைக்கும் பொறியாளர் ஒருவர் இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: என் அக்கா மகனுக்கு ஆறு வயது. கீமோ நடக்கிறது. கவுன்ட் குறைந்திருப்பதால் பொம்மை எதுவும் கொண்டுவரக் கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். நாள் முழுக்க போனே கதியாகக் கிடக்கிறான். எதையும் தொடாமல் விளையாட வழி உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்டு. சிஸ்டர் சொன்னதும் சரிதான். கீமோவில் வெள்ளணுக்கள் குறையும்போது, நமக்கு வெறும் சளியோடு போய்விடுகிற கிருமி அவனைப் படுக்கையில் தள்ளிவிடும். பஞ்சடைத்த பொம்மையை உள்வரை சுத்தம் செய்யவும் முடியாது.

எங்கள் வேலை தொடங்குவதே இந்தச் சிக்கலில்தான். குழந்தையின் அசைவை சென்சார் பார்க்கும். சுவரிலோ கூரையிலோ விழும் படம் அதற்கேற்ப மாறும். 2010-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கினெக்ட் என்ற வீடியோ கேம் காமிரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தூவி, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும். இருட்டிலும் வேலை செய்யும் என்பதால் அதை நம்பி ஒரு வார்டுக்குள் போனேன். முதல் நாளே சரிவரவில்லை. எழுந்து நிற்கிற ஆளைக் கண்டுபிடிக்கவே அந்தக் கருவியைப் பழக்கியிருந்தார்கள். போர்வைக்குள் படுத்திருக்கும் குழந்தை எது, மெத்தை எது என்று அதற்குத் தெரியவில்லை. விளையாட்டிலும் தவறு இருந்தது. பட்டாம்பூச்சியைப் பிடிக்கக் கையை உயர்த்தி வீச வேண்டும். ஏழு வயதுப் பெண் ஒருத்தி, மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படத்தையே பார்த்தபடி இருந்தாள். "கையை ஆட்டினா வலிக்கும் அங்கிள்" என்றாள்.

அன்றிரவே எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். ஆளைத் தேடுவதையே விட்டுவிட்டேன். போர்வைக்கு மேல் எது அசைந்தாலும் போதும்: கால் கட்டைவிரல், முழங்கால், தலை. கட்டைவிரலைக் கொஞ்சம் தூக்கினால் கூரையில் ஒரு மீன் எட்டிப் பார்க்கும். மதிப்பெண் கிடையாது, நேரக் கணக்கு கிடையாது, தோற்பதும் கிடையாது. ஊசி, மாத்திரை, ரத்தம் எடுப்பது என்று அங்கே எல்லாமே அவளைக் கேட்காமல்தான் நடக்கிறது. அவள் சொன்னபடி கேட்க ஒரு மீனாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். இன்றுவரை எதைச் செய்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை அரங்குக்குப் போகும் நடைபாதையை 2012-இல் ஒரு காடாகவே மாற்றினார்கள். ஜேசன் புரூஜஸ் ஸ்டுடியோவின் வேலை அது. காடு வரைந்த சுவர்த்தாளுக்குப் பின்னால் 70 பலகைகள், அவற்றில் 72,000 எல்இடி விளக்குகள். குழந்தை கடந்து போகும்போது மரங்களுக்கு நடுவே குதிரையும் மானும் முள்ளெலியும் ஒளியாகத் தோன்றி நகரும். பலகைகளை வெவ்வேறு உயரங்களில் பதித்ததால், நடந்து வரும் பிள்ளைக்கும் ஸ்ட்ரெச்சரில் படுத்து வரும் பிள்ளைக்கும் ஏதாவது ஒன்று கண்ணில் படும். டொராண்டோவின் ஹாலண்ட் ப்ளூர்வியூ மருத்துவமனையில் காத்திருக்கும் இடத்தின் தரையே சென்சார். சக்கர நாற்காலியில் வந்தாலும் அது உணரும். ஓர் இடத்தில் அசையாமல் இருந்தால் திரையில் செடி வளரும். ஓடியாட முடியாத பிள்ளையும் அங்கே மற்றவர்களோடு சமமாக விளையாடலாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது.

உங்கள் அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். வார்டில் புரொஜெக்டர் வைக்க அனுமதி உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் கடைசிக் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அசைவுக்கேற்ப படம் மாறும் இப்படியொரு விளையாட்டை இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்ய ஆசை. சாதாரண வெப்கேம் போதுமா?
– மாணவர், கோவை

பதில்: தொடங்குவதற்குப் போதும். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, எங்கே மாறியிருக்கிறது என்று பார்த்தாலே அசைவு தெரிந்துவிடும். ஆனால் வார்டில் விளக்கைக் குறைத்ததும் படம் புள்ளி புள்ளியாகி, அசையாததும் அசைவதுபோல் காட்டும். அகச்சிவப்பு விளக்கும் அதைப் பார்க்கக்கூடிய காமிராவும் இருந்தால் நல்லது. திரைச்சீலை காற்றில் ஆடும், சிஸ்டர் குறுக்கே போவார், டிரிப் ஸ்டாண்டு நகரும். இதற்கெல்லாம் மீன் ஓடிவந்தால் குழந்தைக்கு நம்பிக்கை போய்விடும். அதனால் கட்டிலின் பரப்பை மட்டும் பார்க்கும்படி எல்லை வகுத்துவிடுங்கள். அப்புறம், படம் எதையும் சேமிக்காதீர்கள், ஒரு நொடிக்கானதைக்கூட. வலிப்பு வரக்கூடிய குழந்தைகளும் வார்டில் இருக்கலாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது.

கேள்வி: நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். காமிரா, புரொஜெக்டருக்கெல்லாம் எங்களிடம் பணம் இல்லை. வேறு வழி உண்டா?
– வாசகி, மதுரை

பதில்: தோல்பாவைக் கூத்து பார்த்த ஊர்க்காரர் நீங்கள், விளக்கும் நிழலும் போதும் என்பது உங்களுக்குத் தெரியும். எளிதில் துடைக்க முடிகிற ஒரு டார்ச்சை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்து, குழந்தையின் கண்ணில் ஒளி படாதபடி கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். எதிர்ச்சுவர் வெள்ளையாக இருந்தால் சரி, குழந்தையின் கையோ காலோ அதில் நிழலாக விழும். கதையை நீங்கள் தொடங்காதீர்கள், நிழல் என்ன என்று குழந்தையே சொல்லட்டும். இரண்டு கையிலும் ஊசி போட்டிருந்த ஒரு பையன், போர்வையிலிருந்து இடது காலை மட்டும் நீட்டி அதை ஆமை என்றான். மறுநாள் இரவு டியூட்டிக்கு வந்த சிஸ்டர் டார்ச்சை எடுத்ததுமே, "ஆமை இன்னும் தூங்குது, சத்தம் போடாதீங்க" என்று சொன்னானாம்.