கோடு சரிதான், பழைய ஜிசிசி-யில்தான் பிழை

சி++-இல் உங்கள் ஸ்ட்ரக்டுக்கு எஸ்டிடி ஹேஷின் (std::hash, ஒரு மதிப்பை எண்ணாக மாற்றும் டெம்ப்ளேட்) ஸ்பெஷலைசேஷனை, அதாவது அந்த டைப்புக்கான தனி வடிவத்தை, எஸ்டிடி நேம்ஸ்பேஸைத் (ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பெயர்கள் இருக்கும் இடம்) திறக்காமல் எல்லா நேம்ஸ்பேஸுக்கும் வெளியே முழுப் பெயரோடு எழுதியிருக்கிறீர்கள், கிளாங் கம்பைலர் ஏற்கிறது, ஜிசிசி கம்பைலரின் 6-ஆம் பதிப்பு மட்டும் 'வேறு நேம்ஸ்பேஸில் ஸ்பெஷலைசேஷன்' என்று மறுக்கிறது, அப்படித்தானே? உங்கள் கோடில் தப்பே இல்லை. சி++ விதிப்படி அப்படி எழுதலாம். ஜிசிசி-யில் இது ரொம்ப நாள் இருந்த பிழை, 7-ஆம் பதிப்பில்தான் சரி செய்தார்கள்.

கம்பைலரை மாற்ற முடியாது என்கிறீர்கள், சரி, அப்போது எஸ்டிடி நேம்ஸ்பேஸைத் திறந்து, ஸ்பெஷலைசேஷனை அதற்குள் வெறும் ஹேஷ் என்ற பெயரில் எழுதி, மூடிவிடுங்கள். சொந்த டைப்புக்காக இப்படிச் செய்ய விதியே அனுமதிக்கிறது, அதனால் பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள், உங்கள் ஸ்ட்ரக்ட் வேறொரு நேம்ஸ்பேஸுக்குள் இருப்பதால் முதலில் அதை மூடிவிட்டுத்தான் எஸ்டிடி-யைத் திறக்க வேண்டும். மூடாமல் திறந்தால் உங்கள் நேம்ஸ்பேஸுக்குள்ளேயே எஸ்டிடி என்று புதிதாக ஒன்று உருவாகிவிடும், அப்புறம் அதற்குள் வெக்டர், ஸ்ட்ரிங் எதுவும் இல்லை என்று சம்பந்தமே இல்லாத இடங்களில் எல்லாம் பிழை கொட்டும், காரணம் புரியாமல் திண்டாடுவீர்கள். ஸ்பெஷலைசேஷன் முடிந்ததும் மிச்சக் கோடுக்காக உங்கள் நேம்ஸ்பேஸை மறுபடி திறக்கலாம், தடையில்லை. அந்த டைப்பைக் கீயாக வைத்து அன்ஆர்டர்ட் மேப்பை (ஹேஷ் வைத்துக் கீயைத் தேடும் மேப்) பயன்படுத்தும் முதல் வரிக்கு முன்னாலேயே இது வந்துவிட வேண்டும்.

ஜிசிசி-யின் பெர்மிஸிவ் ஆப்ஷன் (-fpermissive) போட்டால் பிழை வெறும் எச்சரிக்கையாகிவிடும், ஆனால் மற்ற உண்மையான தப்புகளும் அதோடு நழுவிவிடும், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். எஸ்டிடி-யைத் தொடவே விருப்பமில்லை என்றால் தனி ஹேஷ் ஃபங்க்டர் (ஃபங்க்ஷன் போல அழைக்கக்கூடிய ஸ்ட்ரக்ட்) எழுதி, அன்ஆர்டர்ட் மேப்புக்கு மூன்றாவது டெம்ப்ளேட் ஆர்க்யுமெண்டாகக் கொடுங்கள், எந்தப் பதிப்பிலும் ஓடும்.