புலிக்குட்டி பிழைப்பது எப்படி? கேள்விகளும் பதில்களும்

மூங்கில்தோப்பு: ஐயா, பிறந்த புலிக்குட்டி முதல் இரண்டு மாதம் எப்படித்தான் தாக்குப்பிடிக்கிறது?

ஒளிந்துகொண்டுதான். பிறக்கும்போது எடை ஒரு கிலோ சுமார், கண் மூடியிருக்கும். கண் திறக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும், திறந்த பிறகும் கொஞ்ச நாள் பார்வை மங்கல்தான். ஓடத் தெரியாது, எதிர்க்கத் தெரியாது. ஆகவே தாய் தேர்ந்தெடுக்கும் இடம்தான் அதற்கு இருக்கிற ஒரே காவல். பாறை இடுக்கு, முள் அடர்ந்த புதர், ஆளுயரப் புல் என்று எதுவாகவும் இருக்கலாம்.

அடுத்த காவல் வாடை இல்லாமை. முதல் சில வாரம் குட்டிக்குத் தானாக மலம், மூத்திரம் கழிக்க வராது. தாய் அடிவயிற்றை நக்கிவிட வேண்டும். வருவதையும் தாயே நக்கித் தின்றுவிடும். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் வாடை தங்கினால் சிறுத்தை, செந்நாய், கழுதைப்புலி, நரி என்று யாராவது மோப்பம் பிடித்து வந்துவிடும்.

இடம் சரியில்லை என்று பட்டால் தாய் ஒவ்வொரு குட்டியாகப் பிடரியில் கவ்வி மாற்றும். கவ்வியதும் குட்டி துணி மாதிரித் துவண்டு தொங்கும், கத்தாது. மூன்று குட்டி இருந்தால் யோசித்துப் பாருங்கள்: ஒன்று தாயின் வாயில், ஒன்று புது இடத்தில் தனியாக, இன்னொன்று பழைய இடத்தில் தனியாக. தனியாகக் கிடக்கும் குட்டி அநாதைக் குட்டி அல்ல. இதை இன்று பலமுறை சொல்ல வேண்டிவரும், முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

காட்டாறு: தாய் வேட்டைக்குப் போனால் எப்போது திரும்பும்?

இரை கிடைக்கும்போது. பகல் முழுக்கவும் வராமல் இருக்கலாம், சில நேரம் ஒரு நாளைத் தாண்டியும் போகும். குட்டியில்லாத பெண் புலிக்கே ஒரு நாளைக்குச் சராசரியாக 5–6 கிலோ இறைச்சி வேண்டும். அதாவது ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு மான். குட்டிகள் வளர்ந்துவிட்டால் தேவை ஒன்றரை மடங்குக்கு ஏறிவிடும். ஆனால் குட்டி சின்னதாக இருக்கும்போது தாயால் வெகுதூரம் போகவும் முடியாது. தேவை கூடும் காலத்தில் வேட்டைக்காடு சுருங்கிவிடுகிறது. பக்கத்திலேயே மான் நிறைந்த காடாக இருந்தால்தான் ஈற்று, அதாவது ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகள், கரைசேரும்.

பூனைப்பிரியன்: சின்ன வயதிலிருந்து வளர்த்தால் புலி வீட்டோடு பழகிவிடும் அல்லவா? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது, வீட்டில் வளர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. அடுத்த கேள்வி.

வெண்மேகம்: வெள்ளைப் புலிக்குட்டி காட்டில் பிழைக்குமா?

1951ல் ரேவாக் காட்டில் (மத்தியப் பிரதேசம்) பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப் புலி ஓரளவு வளர்ந்த குட்டி, ஆக முடியாதது இல்லை. ஆனால் வெள்ளை நிறம் தனி இனம் இல்லை, எப்போதாவது தலைகாட்டும் மரபணு. கூண்டுகளில் இருப்பவை நெருங்கிய உறவுக்குள் இனச்சேர்க்கை செய்து பெருக்கியவை. எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

கரும்புக்காட்டான்: எங்கள் கரும்புத் தோட்டத்தில் சிறுத்தைக் குட்டிகள் கிடக்கின்றன...

சிறுத்தை வேறு கணக்கு, அது தெரிந்தவரிடம் கேளுங்கள். இப்போதைக்கு அந்தப் பாத்தியில் கரும்பு வெட்டுவதை நிறுத்திவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கையில் எடுக்காதீர்கள்.

குறிஞ்சி: அப்பா புலியே குட்டியைக் கொன்றுவிடும் என்கிறார்களே, உண்மையா சார்?

இது நல்ல கேள்வி. அப்பா பொதுவாகக் கொல்லாது. அப்பாவைத் தோற்கடித்து இடத்தைப் பிடிக்கும் புது ஆண்தான் கொல்லும். குட்டி தாயுடன் இருக்கும்வரை, அதாவது ஒன்றரை இரண்டு வருஷம், தாய் அடுத்த சேர்க்கைக்கு வராது. ஓர் ஆண் ஓர் இடத்தைத் தக்கவைத்து இனம் பெருக்கும் காலமோ சித்வன் காட்டில் (நேபாளம்) நடந்த ஆய்வில் பார்த்தவரை சராசரியாக 3 வருஷம்கூட இல்லை. காத்திருந்தால் அதன் காலமே முடிந்துவிடும். குட்டிகள் போனால் தாய் சில மாதங்களுக்குள் மறுபடி சேர்க்கைக்கு வந்துவிடும். தாய் எதிர்த்து நிற்கும், ஆனால் ஆணின் எடைக்கு முன்னால் ஓரளவுதான்.

அதே சித்வன் ஆய்வில் முதல் வருஷத்திலேயே மூன்றில் ஒரு பங்கு குட்டிகள் செத்துப்போயின. பெரும்பாலும் ஒன்றிரண்டாக அல்ல, ஈற்றே முழுதாகப் போனது. காட்டுத்தீ, வெள்ளம், புது ஆண் ஆகிய மூன்றும்தான் காரணம்.

நேர்படப்பேசு: புலியைக் கொலைகாரனாகக் காட்டுகிறீர்கள். ரந்தம்போரில் ஆண் புலி குட்டிகளை வளர்த்ததே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, நீங்கள் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். 2011ல் ராஜஸ்தானின் ரந்தம்போர் காட்டில் டி-5 என்ற பெண் புலி இறந்தது. அதன் இரண்டு பெண் குட்டிகளுடன் டி-25 என்ற ஆண் சுற்றித் திரிந்து பாதுகாத்தது. இரண்டும் வளர்ந்து பின்னர் அதே மாநிலத்தின் சரிஸ்கா காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன. 2021ல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காட்டிலும் தாய் இறந்த நான்கு குட்டிகளுக்கு பி-243 என்ற ஆண் துணை நின்றது. இரண்டு இடத்திலும் அந்த ஆண்தான் தகப்பன் என்று கருதப்பட்டது. குட்டிகளும் இறைச்சி தின்னும் வயது. பால்குடிக் குட்டியாக இருந்தால் எந்த ஆணும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நேர்படப்பேசு: அப்படியானால் ஆண் புலிக்குப் பாசம் உண்டு என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

தன் குட்டியைக் காக்கும் என்று ஒத்துக்கொள்கிறேன். பாசத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை.

மலைப்பாதை: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஓர் ஆண் போனால் இன்னோர் ஆண் வரத்தானே போகிறது? எண்ணிக்கை அப்படியேதானே இருக்கும்?

இருக்காது. நான் இங்கே எதையாவது அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஓர் ஆணின் எல்லைக்குள் இரண்டு மூன்று பெண் புலிகள் இருக்கும். மூன்று தாய், ஆளுக்கு மூன்று குட்டி என்று வையுங்கள். அந்த ஆண் புலி, பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியிலோ மின்வேலியிலோ சிக்கிச் செத்தால் பதிவேட்டில் ஒரு புலி. ஆனால் காலியான இடத்துக்கு வெளி ஆண்கள் வந்து அடித்துக்கொள்ளும்போது ஒன்பது குட்டிகளின் உயிரும் ஊசலாடும். ஓர் ஆண் நிலைத்திருக்கும் காட்டில்தான் குட்டி வளரும். தாயைக் காப்பாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நேர்படப்பேசு: நான் கேட்டது பாசத்தைப் பற்றி.

நான் பதில் சொல்லியாயிற்று.

செம்பருத்தி: மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடுமாமே? ஒரு குட்டி தனியாக இருந்தால் பால் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. மாட்டுப்பால் அதற்கு வயிற்றுப்போக்கில் முடியும். வாடை பட்டது என்பதற்காக மட்டும் தாய் ஒதுக்கிவிடாது, பெரும்பாலும் குட்டியை வேறிடத்துக்கு மாற்றும். கெடுப்பது கூட்டம். சுற்றி இருபது பேர் போனைப் பிடித்து நின்றால் தாய் எப்படி வரும்?

புதுவரவு: வணக்கம். காட்டோரம் ஒரு குட்டி தனியாகக் கிடந்தால்...

முதல் பதிலைப் படியுங்கள். விலகுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆசிரியை: உண்மையிலேயே தாய் இறந்துவிட்டால் குட்டியை வளர்த்துக் காட்டில் விட முடியுமா?

முடியும், ஆனால் அரிது. தேசியப் புலிகள் காப்பக ஆணையத்தின் வழிமுறைப்படி வேலியிட்ட காட்டில் மனித முகம் பழகாமல் குறைந்தது 2 வருஷம் வளர வேண்டும், 50 இரையாவது தானே கொன்று காட்ட வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா காட்டில் இப்படி வளர்ந்த அநாதைப் பெண் புலிகள் 2011ல் பன்னாவுக்குப் போய் குட்டியும் போட்டன. 2021ல் வால்பாறை முடீஸ் பக்கம் முள்ளம்பன்றி முள் குத்திய நிலையில் மீட்ட குட்டியையும் ஆனைமலையில் கூண்டமைத்துப் பழக்கினார்கள். அந்த 50 சும்மா வைத்த எண் இல்லை. தாயோடு போகும் குட்டி ஆறு மாதத்திலிருந்து வேட்டையைப் பார்க்கிறது. நிரந்தரக் கோரைப்பல் முளைப்பதோ ஒரு வருஷத்துக்குப் பிறகுதான். அதுவரை பாய்வதும் தவறவிடுவதுமாகப் பழகுகிறது. கூண்டில் அந்தத் தவறுகளுக்கு இடம் குறைவு.

தென்றல்: வளர்ந்த பிறகு தாய் துரத்திவிடுமா?

18 முதல் 24 மாதத்தில் பிரிந்துவிடும். ஆண் குட்டி தூரம் போகும், வழியில் சாவதும் அதிகம். பெண் குட்டி தாயின் எல்லையை ஒட்டியே இடம் பிடிக்கப் பார்க்கும், சில சமயம் தாயின் இடத்தையே பிடுங்கிக்கொள்ளும். ரந்தம்போர் ஏரிக்கரையை ஆண்ட மச்லி என்ற பெண் புலியை அங்கிருந்து வெளியேற்றியது அதன் மகள் சுந்தரிதான்.