இருபது நிமிஷம் கேக்கறதுக்கு என்ன வெட்கம்?

அக்கா, வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, படுகர் கிராமம். எம்.எஸ்சி. தாவரவியல் முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. டீ கம்பெனில குவாலிட்டி பக்கம், முடிஞ்சா டேஸ்டிங்குக்குப் போகணும்னு ஆசை. அப்ளிகேஷன் போட்டுப் போட்டு அலுத்துட்டேன். அந்த வேலைல இருக்கறவங்களப் பாத்து, வேலை கேக்காம வேலையப் பத்தி மட்டும் பேசிட்டு வா, இன்ஃபர்மேஷன் இன்டர்வியூன்னு பேருன்னு ஃப்ரெண்ட் சொல்றா. எனக்கு சிபாரிசுக்கு அலையற மாதிரி கூச்சமா இருக்கு. மெயில் தமிழ்லயா இங்கிலீஷ்லயா? ரெஸ்யூம் வெக்கணுமா? என்ன டிரஸ் போடணும்? பேர் போட்டுடாதீங்க.

தங்கம்,

போன வாரம்தான் ஒரு பையன், எழுத்து வேலை எப்படின்னு தெரிஞ்சுக்கணும்னு ஊட்டிலருந்து பஸ் ஏறி என்னப் பாக்க வந்தான், நான் எழுதினதுல ஒரு பக்கம்கூட படிக்கல, "ஏதாவது சொல்லுங்க மேடம்"னு உக்காந்துட்டான். அந்த எரிச்சல் அடங்கறதுக்குள்ள உன் லெட்டர்.

டிரஸ்ஸ விடு. எந்த மொழில எழுதினாலும் சரி, ஆறு வரிக்கு மேல போகாத. நீ யாரு, அவர் பேர் எப்படிக் கிடைச்சுது, ஏன் அவர்கிட்ட கேக்கற, இருபது நிமிஷம் போதும், நேர்லயோ போன்லயோ அவருக்குத் தோதான நாள்ல. அவ்ளோதான். ரெஸ்யூம் மெயில்ல வெக்காத, வெச்சா வேலைதான் கேக்கறேன்னு நினைச்சு எச்.ஆருக்குத் தள்ளிடுவார். பைல ஒரு காப்பி இருக்கட்டும், கேட்டா குடு. பத்து நாள் கழிச்சும் பதில் இல்லன்னா ஒரே ஒரு தடவ ஞாபகப்படுத்து, அதுக்கு மேல வேண்டாம்.

கூச்சம்னு சொன்ன பாரு, அதுதான் எனக்குக் கோவம். நீ கூச்சப்பட வேண்டியது கேக்கறதுக்கு இல்ல, ஒண்ணும் தெரிஞ்சுக்காம போய் நிக்கறதுக்கு. நான் நின்னிருக்கேன்.

எனக்கு அப்ப இருபத்தி மூணு வயசு. குன்னூர்ல ஒரு டேஸ்டரப் பாக்க எங்க மாமா சொல்லி அனுப்பினார். ஜன்னல் வெளிச்சத்துல நீளமா மேஜை, வரிசையா வெள்ளைக் கப்பு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல காஞ்ச தூள், மூடி மேல வடிகட்டின சக்கை. அவர் ஸ்பூன்ல எடுத்து சர்ர்னு உறிஞ்சி, துப்பி, அடுத்த கப்புக்குப் போயிட்டே இருக்கார். நான், "சார் இந்த ஃபீல்டுல ஸ்கோப் எப்படி?"ன்னேன். ஸ்பூன வெச்சுட்டு, "ஒரு கிலோ தூளுக்கு எவ்ளோ பச்சை இலை வேணும்?"னு கேட்டார். எங்கப்பா காலம் பூரா இலை பறிச்சு ஃபாக்டரிக்குப் போட்டவர், எனக்குப் பதில் தெரியல. "நாலு, நாலரை கிலோம்மா. ஒரு ஃபாக்டரில போய் நின்னு பாத்துட்டு வா"ன்னு அனுப்பிட்டார்.

அழுதுட்டேதான் வந்தேன். ஆனா போய் நின்னேன். அப்பா இலை போடற ஃபாக்டரில தூள் தயாரிப்பப் பாத்துக்கற டீ மேக்கர் ராத்திரி ஷிஃப்ட்ல பக்கத்துல வெச்சுக் காட்டினார், இலைய வாட்டறது, நசுக்கிக் கிழிச்சு சுருட்டற சி.டி.சி. ரோலர்ல நசுங்கி விழறது, பச்சை நிறம் கொஞ்சம் கொஞ்சமா செம்பு நிறத்துக்குத் திரும்பறது, பச்ச வாசம் போயி ஒரு பழ வாசம் வர்ற அந்த நேரம். அத ஃபெர்மென்டேஷன்னு சொல்வாங்க, நிஜத்துல ஆக்சிடேஷன், நசுங்கின இலைல பாலிஃபீனால் ஆக்சிடேஸ்ங்கற என்சைம் பண்ற வேலைன்னு உனக்கு நான் சொல்லணுமா? நீ எம்.எஸ்சி.ல படிச்சது அங்க ட்ரேல பரப்பிக் கெடக்கு, நீ என்னடான்னா டிரஸ் கேக்கற!

பதினோரு கேள்வி எழுதிட்டு ஒரு மாசம் கழிச்சு அதே டேஸ்டர்கிட்ட போனேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். ரெண்டு கப்பு குடுத்தார், ஒரே இலை, ஒண்ணு ஃபெர்மென்டேஷன் ஓவர். அது சப்புன்னு நாக்குல படுத்துக்கிச்சு, இன்னொண்ணு ஈறுல சுருக்குன்னு பிடிச்சுது, பிரிஸ்க்னு சொல்றாங்களே அது. எது ஓவர்னு சரியா சொன்னதும், போய்ப் பேச வேற ரெண்டு பேரோட பேர அவரே எழுதிக் குடுத்தார். மாமா சொல்லி அனுப்பினப்ப கிடைக்காதது அது.

அதனால ஸ்கோப், சம்பளம்னு ஆரம்பிக்காத. நேத்துக் காலைல வந்ததுலருந்து என்ன பண்ணீங்கன்னு கேளு. மழைல ஈர இலை வந்தா எத மாத்துவீங்க, கடைசியா எந்த லாட்டக் குறை சொன்னீங்க, ஏன், புதுசா வர்றவங்க எங்க தடுமாறுறாங்க. எந்திரிக்கறதுக்கு முன்னாடி, இன்னும் யார்கிட்ட பேசலாம்னு. இருபது நிமிஷம் ஆனதும் நீயே எந்திரி, அவரா உக்காரச் சொன்னா உக்காரு. அன்னிக்கு ராத்திரியே நன்றி சொல்லி ரெண்டு வரி போட்டுடு, அவர் சொன்னதுல எது மனசுல நின்னுதோ அதச் சேத்து.

குன்னூர்ல வாரா வாரம் டீ ஏலம் நடக்குது, விலை பேப்பர்ல வருது, ஒரு மாசத்தோடது பாத்துட்டுப் போ. 1893லருந்து இருக்கற தென்னிந்தியத் தோட்டக்காரங்க சங்கம் உபாசி அங்கதான், டீ போர்டு ஆபீஸும் அங்கதான். சிறு தேயிலை விவசாயிகளோட கூட்டுறவு இணையம் இன்ட்கோசர்வ் கீழ மட்டும் 16 கூட்டுறவு ஃபாக்டரி இருக்கு, உங்க ஹட்டிக்குக் கிட்ட ஒண்ணு இல்லாமலா போயிடும்?

மெயில அப்புறம் எழுதலாம். இந்த வாரம் ஒரு ஃபாக்டரில கேட்டுட்டு ஒரு ராத்திரி ஷிஃப்ட் போய் நில்லு, ஸ்வெட்டர் எடுத்துக்கோ, வீட்ல யாரையாவது கூட்டிட்டுப் போ. பாத்துட்டு வந்து கேள்விய எழுதி எனக்கு அனுப்பு.

அக்கா