வாகனக் கேள்வி–பதில்: பெல்ட்டோடு வாட்டர் பம்ப்பையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2014-ஆம் ஆண்டு வாங்கிய ரெனோ டஸ்டர் டீசல் கார். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட்டை இதுவரை மாற்றியதில்லை என்பதால் பட்டறைக்குக் கொண்டு போனேன். வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றிவிடலாம், 3,000 ரூபாய்தான் கூடுதலாகும் என்கிறார் மெக்கானிக். பம்ப்பில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, வண்டியும் சூடாகவில்லை. நன்றாக இருக்கும் பாகத்தை எதற்காகக் கழற்றி எறிய வேண்டும்? இது வியாபாரத் தந்திரம்தானே?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி. பட்டறையில் கூடுதலாக ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னாலே சந்தேகப்படும் பழக்கம் நமக்கு உண்டு, அதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால் இந்த வண்டியில், இந்த வேலையில், அவர் பம்ப்பைப் பற்றிப் பேசாமல் விட்டிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

உங்கள் டஸ்டரில் உள்ளது கே9கே எனப்படும் 1,461 சி.சி. டீசல் எஞ்சின். நிசான் மைக்ரா, சன்னி, டெரானோ ஆகியவற்றின் டீசல் வகைகளிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் வந்தது. இதில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பல்சக்கரத்திலிருந்து புறப்படும் டைமிங் பெல்ட், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பையும் சுழற்றுவதோடு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ஓடவைக்கும் வாட்டர் பம்ப்பையும் போகிற வழியில் சுழற்றிவிட்டே திரும்புகிறது. ஆகவே வாட்டர் பம்ப் கெட்டால் எஞ்சின் சூடாகும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. பெல்ட்டின் ஆயுளும் அந்தப் பம்ப்பின் கையில்தான் இருக்கிறது.

பம்ப்பில் முக்கியமாகத் தேயக்கூடியவை இரண்டு: தண்டைத் தாங்கும் பேரிங், கூலன்ட் வெளியே வராமல் தடுக்கும் சீல். பேரிங் தளர்ந்து தண்டு ஆடத் தொடங்கினால் சக்கரம் சாய்ந்து ஓடும், பெல்ட் ஓரத்துக்கு ஒதுங்கி எதிலாவது உரசத் தொடங்கும். பேரிங் இறுகிவிட்டாலோ பெல்ட்டின் பற்களே உரிந்துபோகும். சீல் விட்டால் கூலன்ட் பெல்ட்டின் மேல் தெறித்து ரப்பரைக் கெடுக்கும். எது நடந்தாலும் அடிபடுவது நீங்கள் இப்போது பணம் கொடுத்துப் போடப்போகும் புதுப் பெல்ட்.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிராங்க் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும்போது கேம் அதில் பாதியாக 1,500 சுற்று சுழலும். அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வு விலகியிருக்க வேண்டும் என்ற ஒழுங்கைக் காப்பது அந்தப் பெல்ட் ஒன்றுதான். அது அறுந்ததும் கேம் நின்றுவிடும், ஆனால் ஓடுகிற வண்டியின் வேகம் பிஸ்டன்களை மேலும் சில சுற்றுகள் இழுத்துக்கொண்டே போகும். திறந்தபடி நின்ற வால்வுகளில் பிஸ்டன் மோதி அவற்றை வளைத்துவிடும். பிறகு வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். அந்தப் பில்லின் முன்னால் இந்த 3,000 ரூபாய் கண்ணுக்கே தெரியாது.

ஒழுகவில்லை என்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த எஞ்சினில் பம்ப், டைமிங் பெல்ட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் மறைந்திருக்கிறது. சீல் தேயும்போது முதலில் கசிவது சொட்டுச் சொட்டாகத்தான். அதுவும் சூடான எஞ்சினின் மேலேயே காய்ந்து, கூலன்ட்டின் நிறத்தில் ஒரு படிவை மட்டும் விட்டுவைக்கும். தரையில் ஈரம் தெரிகிற நாளில் சீல் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். உறையைக் கழற்றியதும் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். பம்ப்பின் கழுத்துக்குக் கீழே சிறு துளை ஒன்று இருக்கும். அதன் வாயில் வெள்ளையாகவோ நிறமாகவோ உப்புப் பூத்தது போல் இருந்தால் உங்கள் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். துளை சுத்தமாக இருந்தாலும் என் பதில் மாறாது. காரணம், கூலி.

பம்ப்பை எட்டுவதற்கு முன் வலப்பக்கச் சக்கரத்தையும் உள் மறைப்பையும் எடுக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியில் முட்டுக்கொடுத்து வலப்பக்க மவுன்ட்டைக் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டர் பெல்ட், கிராங்க் புல்லி, உறைகள், டைமிங் பெல்ட் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் பம்ப் கைக்கு எட்டும். பெல்ட்டை மாற்றுவதற்கும் இதே வேலைதான் என்பதால், இன்று பம்ப்புக்கு ஆகும் கூடுதல் நேரம் மிகக் குறைவு. ஆறு மாதம் கழித்துப் பம்ப் ஒழுகினால் மொத்தக் கூலியையும் மறுபடி கொடுக்க வேண்டும், கூலன்ட்டில் நனைந்த பெல்ட்டையும் தூக்கி எறிய வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் உங்களைப் போலக் கணக்குப் பார்த்தவன்தான். என் பழைய டீசல் வண்டியில் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பம்ப்பை விட்டுவைத்தேன். ஏழாவது மாதம், வண்டி நிறுத்துமிடத்தில் வலச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம் தெரிந்தது. தொட்டால் பிசுபிசுத்தது, இனிப்பான வாடை அடித்தது. அன்றே உறையைத் திறந்து பார்த்தபோது, புதுப் பெல்ட்டின் ஓரம் தேங்காய் நார் போலப் பிரிந்து தொங்கியது. பம்ப் சக்கரத்தை விரலால் அசைத்தால் பல் ஆடுவது போல ஆடியது. மறுநாள் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் கிளம்புவதாக இருந்தேன்.

வேலை நடக்கும்போது சிலவற்றை மட்டும் கவனியுங்கள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் எல்லாம் ஒரே பெட்டியில் கிட்டாகக் கிடைக்கின்றன, கேட்ஸ், எஸ்.கே.எஃப்., ஐ.என்.ஏ. போன்ற பெயருள்ள நிறுவனங்களின் கிட்டை நம்பிக்கையான கடையில் வாங்கலாம். டென்ஷனரும் பேரிங் மேல் சுழலும் சக்கரம்தான் என்பதால், பழையதைத் துடைத்து மாட்டுவதை அனுமதிக்காதீர்கள். கிராங்கையும் கேமையும் பூட்டுவதற்கென்றே உள்ள பின்களைப் போட்டுத்தான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஒயிட்னரால் புள்ளி வைத்துக்கொண்டு சமாளிக்கிற பட்டறை இந்த எஞ்சினுக்கு வேண்டாம். பம்ப் உட்காரும் இடத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை முழுவதுமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பட்டறைகளில் அனபாண்ட் என்று பொதுப்பெயராகவே வழங்கும் சீலன்ட்டை, கேஸ்கெட்டோடு வரும் பம்ப்புக்கு அப்பிவிடுவது நல்ல வேலைக்கு அடையாளம் அன்று. பிதுங்கி உள்ளே போன துணுக்கு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் முடிந்ததும் சாவியைத் திருப்புவதற்கு முன், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மறுபடி சரியாக நுழைகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது பம்ப் அன்று, 2014 என்ற ஆண்டுதான். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு ஆண்டுக் கணக்கும் உண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கெடு. மாற்றும் வரை வண்டியை ஊருக்குள்கூட எடுக்காதீர்கள்.

கேள்வி: 2016-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆகிவிட்டதால் டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். உங்கள் எஞ்சினில் டைமிங் பெல்ட்டே கிடையாது. அதன் இடத்தில் செயின் இருக்கிறது. வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவது வெளியே தெரிகிற சாதாரண பெல்ட். ஒருவேளை அந்த வெளிப்பெல்ட்டைத்தான் சொன்னார்களோ என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். வெடிப்பு இருந்தால் அதை மாற்றுவது நியாயமே. பம்ப் ஒழுகினாலோ சத்தம் போட்டாலோ மட்டும் மாற்றினால் போதும். செயின் நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் எஞ்சின் ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள்.

2005-இல் வந்த முதல் ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டைமிங் பெல்ட் இருந்தது. அந்த எஞ்சின் குடும்பத்தில் பம்ப் வெளிப்பெல்ட்டில் சுழன்றாலும், அதைக் கழற்றுவதற்கு டைமிங் பெல்ட்டை எடுத்தாக வேண்டும். அந்தப் பழைய வண்டிகளில் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவதே சிக்கனம்.

கேள்வி: டைமிங் பெல்ட்டும் பம்ப்பும் புதிதாக மாற்றினேன். இப்போது இருபது நிமிடம் ஓட்டினால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுகிறது. டேங்கில் கூலன்ட் நிறைந்தே இருக்கிறது. புதுப் பம்ப் பழுதா?
— வாசகர், மதுரை

பதில்: பம்ப்பைக் குறை சொல்வதற்கு முன், உள்ளே காற்று மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பம்ப்பைக் கழற்றும்போது கூலன்ட் வடிந்துவிடும்; திரும்ப ஊற்றும்போது ஹோஸ்களின் மேடான இடங்களில் காற்று தங்கிவிட்டால், டேங்க் நிறைந்திருந்தாலும் எஞ்சினுக்குள் ஓட்டம் இருக்காது. எஞ்சின் சூடானதும் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனாலொழிய நாம் தொடாத குமிழ் அது. ஆனால் இந்தச் சோதனைக்கு அதைவிட எளிய வழி இல்லை. முள் ஏறியிருக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. உங்கள் வண்டியில் காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும் வரை ஊற்றச் சொல்லுங்கள். அதுவரை நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம். முள் திடீரென்று கீழே இறங்கினாலும் நிம்மதி அடையாதீர்கள்: சென்சாரைச் சுற்றிக் கூலன்ட் இல்லாமல் போனால் முள் பொய் சொல்லும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பது கண்டிப்பாகக் கூடாது.

கேள்வி: புதுப் பம்ப் போட்ட பிறகு, அளவு குறைந்தால் வீட்டுப் போர்த் தண்ணீரை ஊற்றலாமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: கூடாது. உங்கள் வீட்டுக் கெண்டியில் படிகிற அதே உப்பு, எஞ்சினுக்குள்ளும் பம்ப்பின் சீலிலும் படியும். சீலின் இரண்டு முகங்களும் கூலன்ட்டின் மெல்லிய படலத்தின்மேல்தான் வழுக்கி ஓடுகின்றன; அங்கே உப்புத் துகள் சேர்ந்தால் கீறல் விழுந்து ஒழுகத் தொடங்கும். உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டை, அது குறிப்பிடும் விகிதத்தில், பெரும்பாலும் பாதிக்குப் பாதியாக, உப்பு நீக்கிய டிமினரலைஸ்டு தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். வழியில் வேறு வழியே இல்லாமல் சாதாரணத் தண்ணீரை ஊற்றிவிட்டால், ஊர் திரும்பியதும் முழுவதையும் வடித்து மாற்றிவிடுங்கள். வடித்த கூலன்ட்டைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. தெரு நாயும் பூனையும் வந்து நக்கிவிடும்.