மழைக்கு லேசர் தாங்குமா?

கே: வெள்ளவத்தையில் இருக்கிறோம். பின்னேர மழை இறங்கினாலே டிஷ் ரீவியில் படம் உடைந்து நின்றுவிடுகிறது. செய்மதியிலிருந்து லேசரில் அனுப்பினால் இந்தத் தொல்லை தீருமா?

ப: தீராது, கூடும். நுவரெலியா போகும்போது றம்பொடை வளைவுகளில் பனிமூட்டத்தில் மாட்டியிருப்பீர்கள். ஹெட்லைட் வெளிச்சம் நாலடி போகாது. காருக்குள் ரேடியோ தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். அதே கதைதான் இதுவும். உங்கள் டிஷ்ஷுக்கு வரும் கேயூ பட்டை (Ku) ரேடியோ அலையின் நீளம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர். மேகத் துளியோ மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு, அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடைமழையின் பெரிய துளிகள்தான் அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனமாக்குகின்றன. லேசரின் அலைநீளம் மேகத் துளியைவிடவும் சிறியது. மழையே வேண்டாம், தடித்த மேகம் ஒன்று தலைக்கு மேல் நின்றாலே தொடர்பு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் கொழும்பு வானத்தை நினைத்துப் பாருங்கள். நாசா தன் எல்சிஆர்டி லேசர்ச் சோதனைக்கு ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் மலை உச்சிகளில் நிலையம் வைத்தது இதனால்தான். ஒன்றை மேகம் மூடினால் மற்றது கைகொடுக்கும்.

கே: லேசர் ஒளி வேகத்தில் போவதால் தாமதம் குறையும்தானே?

ப: ரேடியோ அலையும் அதே வேகம்தான். ரீவி செய்மதி நிற்கும் 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறி இறங்க, எதில் அனுப்பினாலும் கிட்டத்தட்ட கால் செக்கன். லேசரில் கூடுவது ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய தரவின் அளவு.

கே: லேசருக்கும் அலைவரிசை அனுமதி வேண்டுமா?

ப: சர்வதேச ரேடியோ விதிகள் 3,000 கிகாஹேர்ட்ஸுடன் முடிகின்றன. லேசர் அதற்கு வெகு மேலே, அதனால் அந்த விதிகளுக்குள் வராது. ரேடியோக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பொறாமைதான்.

கே: அப்படியானால் லேசரால் யாருக்குப் பயன்?

ப: மேகமே இல்லாத இடத்தில், அதாவது விண்வெளியில், எல்லோருக்கும். இணையச் சேவை தரும் ஸ்டார்லிங்க் செய்மதிகள் தங்களுக்குள் லேசரில் கதைக்கின்றன. உங்கள் மொட்டைமாடியோடு ரேடியோவில். இந்தப் பங்குபிரிப்பு நெடுங்காலம் மாறாது என்பது என் கணிப்பு. 2023 டிசம்பரில் நாசாவின் சைக்கி விண்கலம் 3.1 கோடி கிலோமீற்றர் தொலைவிலிருந்து ஒரு பூனை வீடியோவை லேசரில் அனுப்பியது, செக்கனுக்கு 267 மெகாபிற். அதைப் பிடித்தது கலிபோர்னியாவின் பலோமர் மலையிலுள்ள 5 மீற்றர் தொலைநோக்கி! உங்கள் மாடியில் அதற்கு இடமிருக்காது. அப்புறம், கற்றையும் மெல்லியது. வெள்ளவத்தைக்குக் குறி வைத்தால் பம்பலப்பிட்டிக்குக் கிடைக்காது.

கே: இரவில் காலிமுகத்திடலில் நின்றால் அந்த லேசர் தெரியுமா?

ப: தெரியாது. ரீவி ரிமோட்டில் வருவது போன்ற செந்நிறக்கீழ்க் கதிர் அது. அந்தி சாய்ந்ததும் வரிசையாக நகரும் புள்ளிகளைக் கண்டிருந்தால், அவை செய்மதிகளின் உடலில் பட்டுத் தெறிக்கும் வெயில்.